செயின்ட் ஆண்ட்ரூஸ் உண்மையிலேயே பாழடைந்து கிடந்த ஊரா? பழைய கெசட்டியர்களும் பயண நூல்களும்: விவாத இழை

ஏட்டறை எழுதியது:

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், ஃபைஃப் வட்டாரத்தில், வடகடலைப் பார்த்தபடி நிற்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரைப் பற்றி 1720-கள் தொடங்கி 1880-கள் வரை எழுதப்பட்டவற்றைச் சில மாதங்களாக வரிசைப்படுத்திப் படித்து வருகிறேன். பயணிகளின் குறிப்புகள், திருச்சபைப் பங்குகளின் (ஒவ்வொரு போதகரின் பொறுப்பிலும் இருந்த வட்டாரங்களின்) விவரத் தொகுப்புகள், ஊர்களின் விவரங்களை அகர வரிசையில் தரும் கெசட்டியர்கள் என்று வகை பல இருந்தாலும், பெரும்பாலான விவரிப்புகள் ஒரே இடத்தில்தான் தொடங்குகின்றன: இடிந்த பேராலயம், இடிந்த கோட்டை, தேய்ந்துபோன பல்கலைக்கழகம். அதன் பிறகே தெருக்கள் வருகின்றன. தெருக்களில் நடமாடும் மனிதர்கள் வருவது இன்னும் பின்னால்தான்.

பேராலயத்தை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 12-ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கி, 1318-இல் மன்னர் ராபர்ட் புரூஸ் முன்னிலையில் புனிதப்படுத்தப்பட்ட அந்த ஆலயம் ஏறத்தாழ 119 மீட்டர் நீளமுடையது; ஸ்காட்லாந்தில் எழுப்பப்பட்டவற்றுள் மிகப் பெரியது. 1559-இல், கத்தோலிக்க மரபை எதிர்த்த சமயச் சீர்திருத்தத் தலைவர் ஜான் நாக்ஸ் இவ்வூரில் ஆற்றிய மறையுரைகளைத் தொடர்ந்து அதன் உள்ளலங்காரங்கள் அகற்றப்பட்டன. பின்னர் ஊரார் வீடு கட்டக் கல் எடுக்கும் இடமாகவே அது மாறிவிட்டது. ஆனால் 1559-இல் ஆலயத்துக்கு நேர்ந்ததை 1770-களின் ஊர் முழுவதற்கும் உரிய நிலைமையாக எழுதுவது எந்த அளவுக்குச் சரி? 1720-களில் இங்கே வந்த ஆங்கில எழுத்தாளர் டேனியல் டீஃபோ, அழிவுகளை எல்லாம் எண்ணிச் சொன்ன பிறகும், நேரான அகலமான மூன்று தெருக்களைக் கொண்ட, நன்கு கட்டப்பட்ட அழகிய நகரம் என்றே எழுதுகிறார். அரை நூற்றாண்டு கழித்து வந்த ஆங்கில அகராதி ஆசிரியர் சாமுவேல் ஜான்சனோ, எஞ்சிய தெருக்களிலும் வறுமையின் செயலற்ற மௌனமே நிலவுகிறது என்கிறார். பின்வந்தவர்களில் பலர் ஜான்சனின் அந்த வாசகத்தை எடுத்தாண்டார்களே தவிர, டீஃபோவைத் திரும்பிப் பார்க்கவில்லை. இந்தப் 'பாழூர்' சித்திரம் நேரில் கண்டதைவிட நூலிலிருந்து நூலுக்குக் கைமாறி வந்தது என்பது என் கருத்து. இதில் பழக்கமுள்ள நண்பர்களின் எண்ணத்தை அறிய விரும்புகிறேன்.

கிழக்குக்கரை எழுதியது:

ஏட்டறை ஐயா, தங்கள் கருத்தில் பாதியை மட்டுமே என்னால் ஏற்க முடிகிறது. ஜான்சன் ஒரு வெளியூர்க்காரர், இரண்டு இரவு தங்கிப் போனவர் என்று ஒதுக்கலாம். உள்ளூர்க்காரர்களே சொன்னதை என்ன செய்வது? 1697-இல் பல்கலைக்கழகத்தையே ஸ்காட்லாந்தின் பெர்த் நகருக்கு மாற்றிவிட வேண்டும் என்று பேராசிரியர்கள் முயன்றார்கள். அதற்காக அவர்கள் அடுக்கிய காரணங்களைப் படித்துப் பாருங்கள்: ஊர் இப்போது பெரும்பாலும் உழவர்கள் வாழும் கிராமமாகிவிட்டது, தெருவெங்கும் சாணக் குவியல்கள், ஹெர்ரிங் மீன் பிடிபடும் பருவத்தில் அதன் குடல்கள் அந்தக் குவியல்களின் மேல் கொட்டப்பட்டு நாறுகின்றன, நல்ல தண்ணீர் இல்லை, ஊர் மக்களுக்கும் மாணவர்களுக்கும் ஓயாத பகை.

சரிவுக்கான காரணங்களும் தெளிவானவை. 1472-இல் பேராயர் பீடமாக உயர்ந்த ஊர் இது. புனித ஆண்ட்ரூவின் எலும்புகளை வணங்க வந்த யாத்திரிகர்களாலும், பேராயரின் அரண்மனைச் செலவாலும், வழக்காட வந்தவர்களாலும் பிழைத்த ஊர். சமயச் சீர்திருத்தத்தோடு யாத்திரிகர் கூட்டம் நின்றது. 1689-க்குப் பிறகு ஸ்காட்லாந்துத் திருச்சபையில் ஆயர் என்ற பதவியே இல்லாமல் போயிற்று. 1707-இல் இங்கிலாந்துடன் நாடாளுமன்றம் இணைந்த பின், அட்லாண்டிக் வாணிபம் மேற்குக் கரையிலுள்ள கிளாஸ்கோவை வளர்த்தது. கிழக்குக் கரையின் பழைய துறைமுகங்களுக்கு அதனால் பயன் விளையவில்லை. வருமானம் வந்த வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்ட ஊர் தேயாமல் வேறென்ன செய்யும்? ஜான்சன் கண்டது பொய்யன்று.

ஏட்டறை எழுதியது:

1697-ஆம் ஆண்டு ஆவணத்தை நினைவூட்டியதற்கு நன்றி. ஆயினும் அதை எழுதியவர்கள் ஊரைவிட்டுப் போக அனுமதி கேட்டவர்கள் என்பதை மறக்கலாகாது. இடமாற்றம் வேண்டி விண்ணப்பிப்பவர் இருக்கும் இடத்தைப் புகழ்ந்து எழுதமாட்டார். மேலும் அந்த விண்ணப்பத்தையே இன்னொரு பக்கமிருந்து படிக்கலாம்: தெருவில் மீன்குடல் மலிந்திருந்தது என்றால், மீன் வந்து இறங்கியது என்றுதானே பொருள்? சாணக் குவியல் இருந்தது என்றால், மாடுகளும் உழவும் இருந்தன. பேராசிரியர்களுக்கு அருவருப்பாக இருந்தது ஊராருக்குப் பிழைப்பாக இருந்தது.

ஜான்சனைப் பற்றியும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1773 ஆகஸ்ட் 18 அன்று எடின்பரோவிலிருந்து புறப்பட்டு, ஃபோர்த் கழிமுகத்தைப் படகில் கடந்து, இரவில் அவரும் அவர் நண்பர் ஜேம்ஸ் பாஸ்வெல்லும் இவ்வூரை அடைந்தார்கள். 20-ஆம் தேதி கிளம்பிவிட்டார்கள். இடையில் கிடைத்த ஒரே பகலில் அவர் எதைத் தேடிப் போனார் என்பதைப் பாஸ்வெல்லின் நாட்குறிப்பு நமக்குக் காட்டுகிறது. பேராலயம் நின்ற நிலத்தில் நடந்தவரை ஜான்சன் தொப்பியைக் கழற்றிக் கையிலேயே வைத்திருந்தார். நாக்ஸை எங்கே புதைத்தார்கள் என்று பாஸ்வெல் கேட்டபோது, நெடுஞ்சாலையில் புதைத்திருப்பார்கள் என்று நம்புகிறேன், அவருடைய சீர்திருத்தங்களைத்தான் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறேனே என்று வெடித்தார். ஆங்கிலத் திருச்சபையின் மீது ஆழ்ந்த பற்றுக்கொண்ட ஒருவர், ஆயர்களை ஒழித்த நாட்டில், ஆயர்களின் தலைநகராயிருந்த ஊரில் நிற்கிறார். அவர் மனம் துயருற்றதில் வியப்பில்லை. அந்தத் துயரம் மதிக்கத்தக்கதே. ஆனால் அது சமயத்துக்காகவும் கல்விக்காகவும் பட்ட துயரம். சந்தைக்கோ துறைமுகத்துக்கோ போய்ப் பார்த்துவிட்டு எழுதிய கணக்கு அன்று.

பல்கலைக்கழகம் பற்றி அவர் எழுதியது வேறு தரத்தது. அங்கே அவர் கேட்டறிந்து எழுதுகிறார். மாணவர்கள் நூறு பேருக்கு மேல் இல்லை. ஏழு மாதக் கல்விப் பருவத்துக்கு உண்டி, உறையுள், படிப்பு எல்லாம் சேர்த்து வசதியுள்ள மாணவருக்குச் சுமார் 15 பவுன், மற்றவர்க்கு 10 பவுனுக்கும் குறைவு என்று துல்லியமாகத் தருகிறார். 1512-இல் நிறுவப்பட்ட செயின்ட் லியோனார்ட்ஸ் கல்லூரி 1747-இல் வேறொரு கல்லூரியோடு இணைக்கப்பட்டு, அதன் கட்டடங்கள் விற்கப்பட்டதைக் கண்டிக்கிறார். வணிகரும் பிரபுக்களும் மாளிகை கட்டும் நாட்டில் பல்கலைக்கழகங்கள் மட்டும் பொடிந்து உதிரலாமா என்ற அவருடைய கேள்வி இன்றும் சுடுகிறது. அந்தக் கட்டடங்களை வாங்கியவர் பேராசிரியர் ராபர்ட் வாட்சன் என்பதும், ஜான்சன் தங்கியதே அவர் வீட்டில்தான் என்பதும் சேர்த்து அறிய வேண்டியவை.

மாமல்லை வாசகி எழுதியது:

இழையை ஆர்வத்துடன் வாசித்து வருகிறேன். ஜான்சனின் விவரிப்பில் ஒரு மூதாட்டி வருவாரே, அவரைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று வியக்கிறேன். இடிபாடுகளிடையே ஒரு நிலவறையில் அவர் குடியிருந்தார். கணவரின் முன்னோர் நான்கு தலைமுறையாக அங்கேயே வாழ்ந்ததால் தமக்கும் அந்த உரிமை உண்டு என்பது அவர் வாதம். ஊரும் அதை ஏற்று அவரை அப்படியே விட்டிருந்தது. கணவரின் குடும்பப் பெயர் புரூஸ் என்பதால் அரச குலத்தோடு உறவு என்ற பெருமிதமும் அவருக்கு இருந்தது. ஊரில் பெரிய மனிதர்கள் இருந்த காலத்தில் தம்மை மதித்தார்கள் என்றும், இப்போது கவனிப்பார் இல்லை என்றும் பாஸ்வெல்லிடம் சொல்கிறார். நூல் நூற்கிறார், ஒரு பூனை துணை, யாருக்கும் தொந்தரவு இல்லை.

என் பார்வையில் ஜான்சன் எழுதிய செயின்ட் ஆண்ட்ரூஸில் உயிரோடு நம் கண்முன் நிற்பவர் இந்த அம்மையார் ஒருவரே. எந்தக் கெசட்டியரிலும் அவருக்கு இடம் இருக்க முடியாது; தெருவின் நீளத்தையும் கோபுரத்தின் உயரத்தையும் பதிவு செய்யும் நூலில் நூல் நூற்கும் கைம்பெண்ணை எந்தத் தலைப்பின் கீழ்ச் சேர்ப்பது? ஆகவே பயண நூலைக் குறைத்து மதிப்பிட வேண்டாம் என்று ஏட்டறை அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பயணி அவசரக்காரராகவும் ஒருதலையானவராகவும் இருக்கலாம். ஆனாலும் கதவைத் தட்டி உள்ளே போகிறவர் அவர்தான்.

பங்கேடு எழுதியது:

வாசகி அம்மா சொல்வதை ஏற்கிறேன். அதே சமயம் விவரத் தொகுப்புகளின் சார்பிலும் பேச வேண்டும். சர் ஜான் சின்க்ளேர் 1790-களில் வெளியிட்ட 21 தொகுதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்தின் 900-க்கும் மேற்பட்ட திருச்சபைப் பங்குகளின் போதகர்களுக்கு 160-க்கும் மேற்பட்ட கேள்விகளை அனுப்பி, விடாமல் நினைவூட்டுக் கடிதம் எழுதி, அவர் பெற்ற விடைகள் அவை. மக்கள் தொகை, பிறப்பு, இறப்பு, கூலி, இறைச்சி விலை, பயிர், மீன், நோய், பள்ளி என்று அனைத்தையும் அந்தந்தப் பங்கிலேயே வாழும் ஒருவர் எழுதுகிறார். ஞானஸ்நானப் பதிவேடும் அடக்கப் பதிவேடும் அவர் கையிலேயே இருக்கின்றன. 1830, 40-களில் இதே முறையில் இரண்டாவது தொகுப்பும் வந்தது.

19-ஆம் நூற்றாண்டின் கெசட்டியர்கள் இவற்றுக்குப் பின் வந்தவை, பெருமளவு இவற்றைச் சார்ந்தவை. 1832-இல் சேம்பர்ஸ் சகோதரர்கள், 1846-இல் சாமுவேல் லூயிஸ், 1882-க்கும் 1885-க்கும் இடையில் ஃபிரான்சிஸ் குரூம் என்று வரிசையாகப் பார்த்தால், ஒரே தலைப்பின் கீழ்ப் பழைய பத்திகள் அப்படியே நிற்க, இடையிடையே புதியவை செருகப்பட்டிருப்பது தெரியும். பழம்பெருமைப் பகுதி மாறுவதில்லை; பள்ளி, ரயில், குளியல் வசதி, கோல்ஃப் பற்றிய பகுதிகள் ஒவ்வொரு பதிப்பிலும் வளர்கின்றன. ஏட்டறை ஐயா சொல்லும் கைமாறல் நடந்தது உண்மை. ஆனால் செருகப்பட்ட வரிகளை மட்டும் பிரித்தெடுத்து ஆண்டுவாரியாக வைத்தால், ஊர் எழுந்த வரலாறு அந்தக் கெசட்டியர்களுக்குள்ளேயே கிடைத்துவிடும்.

எழும்பூர்வாசி எழுதியது:

பள்ளி என்று பங்கேடு அவர்கள் குறிப்பிட்டதால் எழுதத் துணிகிறேன். 1833-க்குப் பின் வந்த கெசட்டியர்களில் இவ்வூரைப் பற்றிய பகுதியில் 'மதராஸ் கல்லூரி' என்ற பெயரைக் காணும் தமிழ் வாசகர் திகைத்துப் போவார். அந்தப் பெயர் நம் சென்னையிலிருந்து போனதுதான்.

ஆண்ட்ரூ பெல் 1753-இல் செயின்ட் ஆண்ட்ரூஸில் முடிதிருத்துநர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்திலேயே படித்து, சில ஆண்டுகள் வர்ஜீனியாவில் ஆசிரியராக இருந்து, 1787-இல் மதராஸுக்கு வந்தார். 1789-இல் எழும்பூரில் அமைந்த ஆண் அனாதைகள் இல்லத்தின் கண்காணிப்பாளரானார்; ஐரோப்பியப் படைவீரர்களுக்கும் இந்தியப் பெண்களுக்கும் பிறந்த சிறுவர்கள் அங்கே வளர்க்கப்பட்டார்கள். உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுத்துப் பழகுவதைப் பார்த்த பெல், அதைத் தம் இல்லத்தில் கொண்டுவர விரும்பினார். ஆசிரியர்கள் இசையாததால், எட்டு வயதுச் சிறுவன் ஒருவனையே கீழ் வகுப்புக்கு ஆசிரியனாக வைத்து நடத்திக் காட்டினார். மூத்த பிள்ளை இளையவர்க்குப் பாடம் சொல்வதும், சட்டாம்பிள்ளை வகுப்பைக் கட்டி மேய்ப்பதும் நம் திண்ணைப் பள்ளிகளில் வழிவழியாக நடந்து வந்தவை.

1797-இல் லண்டனில் பெல் வெளியிட்ட சிறு நூல் இதை 'மதராஸ் முறை' என்று பரப்பியது. 1811-க்குப் பின் இங்கிலாந்தின் திருச்சபைப் பள்ளிகள் ஆயிரக்கணக்கில் இம்முறையைக் கைக்கொண்டன. 1832-இல் இறந்தபோது தம் பெருஞ்செல்வத்தில் பெரும்பகுதியைக் கல்விக்கு எழுதி வைத்தார். அதில் எழுந்ததுதான் செயின்ட் ஆண்ட்ரூஸ் சவுத் ஸ்ட்ரீட்டில், டொமினிக்கன் துறவியரின் இடிந்த சிற்றாலயத்துக்குப் பின்னால், 1833-இல் திறக்கப்பட்ட மதராஸ் கல்லூரி. பெயர் கல்லூரி என்றாலும் அது பள்ளியே. 2021-இல் புதிய வளாகத்துக்குக் குடிபெயர்ந்து இன்றும் அதே பெயரில் நடக்கிறது. பிரிட்டிஷ் நூல்கள் பெல்லின் புத்திக்கூர்மையைப் போற்றும் அளவுக்கு, அவருக்கு வழிகாட்டிய பெயரில்லாத தமிழ் ஆசான்களைப் போற்றுவதில்லை. இது எனக்கு ஆறாத குறை. மணலில் எழுதிய அந்தப் பிள்ளைகளின் பள்ளி எந்தத் தெருவில் இருந்தது என்பதையாவது அவர் எழுதி வைத்திருக்கலாம்.

கிழக்குக்கரை எழுதியது:

எழும்பூர்வாசி அவர்களுக்கு மிக்க நன்றி. ஊர் மீண்டெழுந்ததில் இன்னொரு இந்தியத் தொடர்பும் உண்டு. வங்காளப் பீரங்கிப் படையில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஹியூ லையன் பிளேஃபேர் 1842 முதல் 1861-இல் இறக்கும்வரை இவ்வூரின் புரோவோஸ்ட், அதாவது நகரத் தலைவராக இருந்தார். 1697-இல் பேராசிரியர்கள் குறைகூறிய குப்பைமேடுகள் பெருமளவு அகன்றது இவர் காலத்தில்தான். நடைபாதைகள் போடப்பட்டன, 1852-இல் பக்கத்து ஊரான லூக்கர்ஸிலிருந்து ரயில் கிளை வந்தது. ஆக, குப்பைமேடு ஏறத்தாழ 150 ஆண்டுகள் நிலைத்திருந்தது என்பதையும், ஊரின் தளர்ச்சி கற்பனை அன்று என்ற என் வாதத்துக்கு அது துணைநிற்கிறது என்பதையும் பதிவு செய்கிறேன்.

டண்டீக்காரன் எழுதியது:

டே ஆற்றுக்கு வடக்கே வசிப்பவன் நான். அடிக்கடி போய்வரும் ஊர் என்பதால் இரண்டு செய்திகள் மட்டும். நார்த் ஸ்ட்ரீட்டில் செயின்ட் சால்வேட்டர்ஸ் கல்லூரி வாயிலுக்கு வெளியே, தரைக்கற்களில் பேட்ரிக் ஹாமில்டனின் பெயரின் முதலெழுத்துகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. 1528-இல் மதக்குற்றம் சாட்டி அவரை எரித்த இடம் அது. அதை மிதித்தால் தேர்வில் தோற்றுவிடுவோம் என்று நம்பும் மாணவர்கள் இன்றும் விலகியே நடக்கிறார்கள்.

அதே தெருவின் கிழக்குக் கோடி மீனவர் பகுதியாக இருந்தது. ஓவியர் டேவிட் ஆக்டேவியஸ் ஹில்லும், இவ்வூரில் பிறந்த ராபர்ட் ஆடம்சனும் 1840-களின் நடுவில் அங்கே எடுத்த ஒளிப்படம் ஒன்று இருக்கிறது. வீட்டுக்கு வெளியே பெண்களும் குழந்தைகளும் நெருக்கமாக உட்கார்ந்து தூண்டில் கயிறுகளுக்கு இரை கோத்துக்கொண்டிருக்கிறார்கள், பக்கத்தில் கூடைகள். ஒளிப்படக்கலை பிறந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம். கெசட்டியர் ஒரு வரியில் 'மீன்பிடித்தலும் நடக்கிறது' என்று கடந்துபோவதற்குப் பின்னால் எத்தனை கைகளின் உழைப்பு இருந்தது என்பதை அந்த ஒரு படம் காட்டிவிடுகிறது. கடலுக்குப் போனவர்கள் ஆண்கள். ஆனால் அவர்கள் புறப்படும் முன் ஒவ்வொரு முள்ளிலும் சிப்பிச் சதையைக் கோத்து வைத்தவர்கள் இந்தப் பெண்கள்.

ஏட்டறை எழுதியது:

டண்டீ நண்பர் உழைப்பைப் பற்றிப் பேசியதால், நான் இதுவரை சொல்லாமல் வைத்திருந்த முதன்மைச் சான்றைச் சொல்கிறேன். கிழக்குக்கரை அவர்கள் இதை அருள்கூர்ந்து எடைபோட்டுப் பார்க்க வேண்டும்.

ஜான்சனுக்குச் சரியாக ஓராண்டு முன், 1772-இல், இயற்கை ஆய்வாளர் தாமஸ் பென்னன்ட் இதே ஊருக்கு வந்தார். அவரும் இடிபாடுகளைப் பார்த்தார், சரிவையும் ஒப்புக்கொண்டார். ஆனால் இந்த ஊரில் இப்போது என்ன தொழில் நடக்கிறது என்று அவர் கேட்டார். எஞ்சியிருப்பது கோல்ஃப் பந்து செய்யும் தொழில் ஒன்றே என்றும், அது அற்பமாகத் தோன்றினாலும் பலருக்குச் சோறு போடுகிறது என்றும் எழுதினார். செய்முறையையும் விவரித்தார்: தோலுறை ஒன்றில் இறகுகளைத் திணிக்க வேண்டும், மரக்கைப்பிடி போட்ட இரும்புக் கம்பியால் அதை அழுத்த வேண்டும், அந்தக் கைப்பிடியை மார்பில் வைத்து உடல் எடை முழுவதையும் செலுத்தினால்தான் இறகு இறுகும். இதனால் தொழிலாளர்களுக்குக் காசநோய் வராமல் போவது அரிது, பலருக்கு உயிரே போகிறது என்கிறார். ஒரே ஊர், ஓராண்டு இடைவெளி. ஒருவர் மௌனத்தை எழுதினார். மற்றவர் மார்பில் கம்பியை வைத்து அழுத்தும் மனிதரை எழுதினார்.

அந்தப் பந்துகள் உருண்ட புல்வெளியின் வரலாறு ஊரின் ஏழ்மையையும் மறைக்கவில்லை. 1754-இல் தொடங்கிய விளையாட்டுச் சங்கம் 1764-இல் 22 குழிகளை 18 ஆகக் குறைத்தது. உலகமெங்கும் இன்று நிலைத்துவிட்ட கணக்கு அதுதான். ஆனால் 1797-இல் நகராட்சி கடனில் மூழ்கி அந்த நிலத்தையே கைவிட நேர்ந்தது. வாங்கியவர்கள் அதில் முயல் வளர்த்தார்கள். புல்வெளியெங்கும் வளை. விளையாடுபவர்களுக்கும் முயல் வளர்ப்பவர்களுக்கும் நடந்த வழக்கும் சச்சரவும் 1821-இல் ஜேம்ஸ் சீப் என்ற அண்டை நிலக்கிழார் நிலத்தை வாங்கிய பிறகே ஓய்ந்தன.

கிழக்குக்கரை எழுதியது:

பென்னன்ட்டின் சான்று வலுவானது, மறுக்கவில்லை. என்றாலும் அவருடைய சொற்களையே கவனியுங்கள்: பல தொழில்கள் இருந்த நகரில் ஒன்றே எஞ்சியது என்கிறார், அந்த ஒன்றும் செய்பவரைக் கொல்கிறது என்கிறார். ஊர் இறக்கவில்லை என்று தாங்கள் நிறுவிவிட்டீர்கள். நலமாக இருந்தது என்று நிறுவவில்லை. எனக்கு ஒரு கேள்வி மட்டும் எஞ்சுகிறது. இறகுப் பந்து செய்தவர்கள் பின்னர் என்ன ஆனார்கள்?

ஏட்டறை எழுதியது:

1848-ஐ ஒட்டி, மலாயாக் காடுகளின் மரப்பாலிலிருந்து எடுக்கும் கட்டாபெர்ச்சாவால் வார்த்த பந்துகள் வந்தன. ஒரு தொழிலாளி நாள் முழுவதும் உழைத்தும் நான்கைந்து இறகுப் பந்துகளே செய்ய முடியும். புதிய பந்தை அச்சில் எளிதாக வார்த்துவிடலாம், விலையும் மலிவு. ஊரின் புகழ்பெற்ற பந்துத் தொழிலாளியும் ஆட்டக்காரருமான ஆலன் ராபர்ட்சன் புதியதைக் கடுமையாக எதிர்த்தார். அவரிடம் தொழில் பழகிய டாம் மாரிஸ் அந்தப் பந்தால் ஆடியதை ஒட்டி இருவருக்கும் பிணக்கு மூண்டது. மாரிஸ் 1851-இல் மேற்குக் கரையிலுள்ள பிரெஸ்ட்விக்குக்குப் போய்விட்டார். ராபர்ட்சனும் நாளடைவில் புதிய பந்துக்கு மாறினார், 1859-இல் காலமானார். 1860-களின் நடுவில் புல்வெளியைப் பராமரிக்க ஊரார் மாரிஸைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். 1873-இல் கோல்ஃபின் ஓப்பன் போட்டி முதன்முறையாக இங்கே நடந்தபோது புல்வெளியைக் காத்தவர் அவரே. பத்தாண்டுகள் கழித்து குரூமின் கெசட்டியர் அச்சேறியபோது, இடிபாடுகளைக் காண வருவோரைப் போலவே ஆட்டத்துக்கும் கடல்குளியலுக்கும் வருவோர் ரயிலில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள்.